தமிழ்ப் பனுவலாய்வில் நிரல்திருத்தித் தெரிவு: பாட நம்பகம் நோக்கிய அளவைகள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்ப் பனுவல்களைச் சொல்லடைவு, சொல்லெண்ணிக்கை, யாப்பாய்வு, பாட ஒப்பீடு ஆகிய நோக்கங்களுக்காகக் கணினிவழி ஆராயும் முயற்சிகள் பெருகி வருகின்றன. இம்முயற்சிகளில் ஆய்வாளர் முதலில் கையாளும் கருவி நிரல்திருத்தியாகும். விரைவு, தோற்றம், பரவலான வழக்கு ஆகியவற்றை முன்னிறுத்தியே இக்கருவி பெரும்பாலும் தெரிவுசெய்யப்படுகிறது. தமிழ்ப் பனுவலாய்வுக்கு இவ்வளவைகள் போதா. கோப்பில் உள்ள குறிகளை உள்ளவாறு காட்டுதல், ஆய்வாளர் அறியாமல் அவற்றை மாற்றாதிருத்தல், தேடலின் பொருளை ஐயமற வரையறுத்தல் என்னும் மூன்றே தலையாய அளவைகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வளவைகளைக் கொண்டு, வழக்கிலுள்ள சில நிரல்திருத்திகள் ஒப்பிடப்படுகின்றன. பணிவகைக்கேற்ற தெரிவும், ஆய்வேட்டில் பதிய வேண்டிய விவரங்களும் இறுதியில் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிரல்திருத்தி, ஒருங்குறி, இயல்பாக்கம், சுருங்குறித்தொடர், மின்பனுவல், பாட நம்பகம்.

முன்னுரை

தமிழ் எழுத்துகள் 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், திஸ்கி என்னும் குறியேற்றத்தில் தமிழ் நூல்களை மின்பனுவல்களாக்கிப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. இத்தகைய முயற்சிகளின் பயனாகச் சங்க இலக்கியம் முதல் இக்கால இலக்கியம் வரை பெருந்தொகையான பனுவல்கள் இன்று கணினியில் ஆராயத்தக்க வடிவில் கிடைக்கின்றன. பைத்தான் போன்ற எளிய நிரல்மொழிகளின் வரவால், கணினியியல் பின்புலம் இல்லாத தமிழாய்வாளரும் சிறு நிரல்களை எழுதித் தம் ஆய்வுக்குப் பயன்படுத்த இயலுகிறது.

இந்நிலையில், எந்த மென்பொருளில் நிரலை எழுதுவது, எதில் பனுவலைத் திறப்பது என்னும் வினா எழுகிறது. கணினித் துறையினருக்கு இது பெரிதும் விருப்பம் சார்ந்த வினா, தமிழாய்வாளருக்கு அவ்வாறன்று. நிரலாளர் எழுதும் நிரல் பெரும்பாலும் இலத்தீன் எழுத்துகளால் ஆனது. அதில் பிழை நேரின் நிரல் இயங்காது நின்றுவிடும். தமிழாய்வாளர் கையாளுவதோ தமிழ்ப் பனுவல். அதில் குறியொன்று மாறினாலும் நிரல் இயங்கும், எண்ணிக்கையும் கிடைக்கும், ஆனால் அவ்வெண்ணிக்கை தவறாயிருக்கும். தவறு வெளிப்படாமல் ஆய்வு முடிபாக அச்சேறிவிடக்கூடும் என்பதே இதிலுள்ள இடர். ஆகவே, நிரல்திருத்தித் தெரிவைப் பாடத் திறனாய்வின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

1. நிரல்திருத்தி: சொல்லும் பொருளும்

நிரல் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளை நிரல் தொகுப்பி, உரைத்தொகுப்பி, எடிட்டர் எனப் பலவாறு வழங்குகின்றனர். தொகுப்பி என்னும் சொல், நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் கம்பைலரையும் குறிப்பதால், பொருள்மயக்கம் கருதி இக்கட்டுரையில் நிரல்திருத்தி என்னும் சொல் ஆளப்படுகிறது.

நிரல்திருத்தி, சொற்செயலியினின்று வேறானது. சொற்செயலி எழுத்தோடு எழுத்துரு, அளவு, பத்தியமைப்பு முதலியவற்றையும் கோப்பில் சேர்த்து வைக்கும்; தானாகத் திருத்தும் இயல்பும் உடையது. நிரல்திருத்தி எழுத்துக் குறிகளை மட்டுமே கொண்ட வெற்றுரைக் கோப்பைக் கையாளும். நிரலை எழுதுதல், இயக்குதல், பிழைகாணுதல், மாற்றங்களைப் பதிதல் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் தருவது ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல் எனப்படும். பைசார்ம் இவ்வகையது. விஷுவல் ஸ்டுடியோ கோட் அடிப்படையில் நிரல்திருத்தியே ஆயினும், நீட்சிகளைச் சேர்த்து அதனை நிரலாக்கச் சூழலாக விரித்துக்கொள்ள இயலும். தமிழாய்வாளர் தம் கோப்பை ஏதேனும் ஒரு திருத்தியிலேயே திறந்து பார்க்கிறார் என்பதால், இரண்டிற்கும் கீழ்வரும் அளவைகள் பொருந்தும்.

2. எழுத்து: இலக்கணத்திலும் கணினியிலும்

தொல்காப்பியம் முதலெழுத்து முப்பது என வரையறுக்கிறது. உயிரும் மெய்யும் அடிப்படை. அவற்றின் கூட்டமே உயிர்மெய். ஒருங்குறியின் பார்வை இதற்கு மாறானது. அதில் அகரமேறிய ககரமே அடிப்படைக் குறி. அதனோடு புள்ளிக்குறி சேர்ந்தால் மெய். பிற உயிர்க்குறிகள் சேர்ந்தால் ஏனைய உயிர்மெய்கள். எனவே, இலக்கணத்தில் தனியெழுத்தாகிய மெய், கணினியில் இரு குறிகளாகிறது. இலக்கணத்தில் கூட்டெழுத்தாகிய அகர உயிர்மெய், கணினியில் ஒரே குறியாக நிற்கிறது.

‘தமிழ்’ என்னும் சொல்லை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இலக்கண நோக்கில் இது மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் மொத்தம் 15 பைட்டுகள். பைத்தானில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை வரும். எழுத்தெண்ணிக் கட்டளையடி பற்றியோ சீரின் எழுத்தளவு பற்றியோ ஆராய்பவர் இவ்விடையை அப்படியே கொண்டால் முடிபு பிழைபடும்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. ஒரே வரிவடிவம் இருவேறு குறித்தொடர்களால் அமையலாம். ஒகர உயிர்க்குறிக்கு ஒருங்குறியில் 3018 என்னும் தனிக் குறியெண் உண்டு. ஒற்றைக்கொம்பாகிய 3014, காலாகிய 3006 என்னும் இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும் திரையில் அதே வடிவமே தோன்றும். இவ்விரண்டும் நிகரானவை என ஒருங்குறி வரையறுத்துள்ளது. நிகரானவற்றை ஒரே வடிவத்திற்குக் கொணரும் செயல் இயல்பாக்கம் எனப்படும். ஆனால் ஔகாரக்குறியின் (3020) இடத்தில் ஒற்றைக்கொம்பையும் ளகர எழுத்தையும் (2995) தட்டச்சிட்டிருப்பின், கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றினாலும் அவை நிகரானவை அல்ல. இயல்பாக்கத்தாலும் இப்பிழை நீங்காது. தமிழ் எண் ஒன்றும் (௧) ககர எழுத்தும் (க), காலும் (ா) ரகரமும் (ர) இவ்வாறே மயங்குவன.

ஓலைச்சுவடிகளோடு இதனை ஒப்பிடலாம். சுவடிகளில் பெரும்பாலும் மெய்களுக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு வரிவடிவில் காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. அங்கே ஒரு வடிவத்தைப் பல எழுத்தாகப் படிக்க இடமிருந்தது. பதிப்பாசிரியர் சூழல், யாப்பு, பொருள் ஆகியவற்றைக் கொண்டு பாடத்தைத் துணிந்தார். மின்பனுவலில் படிப்பவர் கண்ணுக்கு ஐயமே எழுவதில்லை. வடிவம் தெளிவாகவே உள்ளது. வடிவத்தின் பின்னுள்ள குறி வேறாயிருப்பதைக் கருவியின் துணையின்றி அறிய முடியாது. நிரல்திருத்தியின் இன்றியமையாமை இங்குத்தான் தொடங்குகிறது.

3. முதல் அளவை: உள்ளதை உள்ளவாறு காட்டல்

நல்ல திருத்தி, இடஞ்சுட்டி நிற்கும் எழுத்தின் குறியெண்களைக் கேட்டவுடன் காட்ட வேண்டும். விம் திருத்தியில் ஜி, ஏ என்னும் இரு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால், அடிப்படைக் குறியின் மதிப்பும் அதனோடு இணைந்த குறிகளின் மதிப்பும் கீழ்வரியில் தோன்றும். இமாக்ஸ் திருத்தியில் எழுத்து விவரிப்புக் கட்டளை குறியெண்ணோடு அதன் ஒருங்குறிப் பெயரையும் பிற பண்புகளையும் தரும். விஷுவல் ஸ்டுடியோ கோட்டில் இதற்குத் தனி நீட்சியொன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாக் குறிகளையும் திருத்தி காட்ட வேண்டும். இணையத்திலிருந்து எடுக்கப்படும் தமிழ்ப் பனுவல்களில் சுழிய அகலக் குறிகள் சொல்லின் நடுவே கிடப்பதுண்டு. அவை இருக்கும் சொல்லும் இல்லாத சொல்லும் நிரலுக்கு இருவேறு சொற்கள். விஷுவல் ஸ்டுடியோ கோட், புலப்படாக் குறிகளையும் ஒத்த வடிவுடைய குறிகளையும் கட்டமிட்டுக் காட்டும் வசதியை உடையது. எனினும் ஒத்த வடிவங்களைக் காட்டும் பகுதி, இலத்தீன் எழுத்துகளோடு மயங்குவனவற்றையே பெரிதும் குறிவைப்பது. ௧, க போன்ற தமிழுக்குள் நிகழும் மயக்கங்களை அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது.

4. இரண்டாம் அளவை: அறியாமல் மாற்றாதிருத்தல்

பழைய மின்பனுவல்கள் பல திஸ்கி, 1999இல் உருவான தாப், தாம் முதலிய குறியேற்றங்களில் உள்ளன. இவற்றை ஒருங்குறிக் கோப்பெனக் கருதித் திருத்தி திறக்குமானால், பொருந்தாத பைட்டுகளின் இடத்தில் வினாக்குறியிட்ட கருஞ்சாய்சதுரம் தோன்றும். அந்நிலையில் கோப்பை மூடிவிட்டால் இழப்பில்லை. சேமித்துவிட்டால் மூலப் பைட்டுகள் அழிந்து, அவற்றின் இடத்தில் மாற்றுக்குறியே நிலைத்துவிடும். பிறகு எந்த மாற்றியாலும் பாடத்தை மீட்க இயலாது. தானியங்கிச் சேமிப்பு இயக்கத்தில் இருந்தால் ஒரு விசையைத் தவறி அழுத்தியதும் இவ்விழப்பு நேரலாம். எனவே குறியேற்றத்தின் பெயரை எப்போதும் கண்முன் காட்டுவதும், வேறு குறியேற்றத்தில் மீண்டும் திறப்பதையும் வேறு குறியேற்றத்திற்கு மாற்றிச் சேமிப்பதையும் வெவ்வேறு கட்டளைகளாக வைத்திருப்பதும் திருத்தியிடம் வேண்டப்படும் பண்புகளாம். விஷுவல் ஸ்டுடியோ கோட், நோட்பேட்++ ஆகிய இரண்டிலும் இவ்வேறுபாடு பேணப்படுகிறது. திஸ்கிக் கோப்பைத் திருத்தியில் மாற்ற முயல்வதினும், குனூ சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்னும் கட்டளைக் கருவியால் நகலொன்றை யுடிஎஃப்-8க்கு மாற்றுவதே ஏற்றது. அக்கருவி திஸ்கியை அறியும்.

கோப்பின் தொடக்கத்தில் இடப்படும் பைட்டு வரிசைக் குறியும் கருதத்தக்கது. திரையில் தோன்றாத இக்குறி, பைத்தானில் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் படிக்கும்போது கோப்பின் முதற்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு கோப்பிலும் முதற்சொல் மட்டும் தேடலுக்கு அகப்படாது போகும். பாடல்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, முதற்குறிப்பு அகராதி உருவாக்குவோர்க்கு இதனால் விளையும் பிழை சிறிதன்று. விண்டோஸின் நோட்பேட் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இக்குறியற்ற யுடிஎஃப்-8ஐ இயல்பாகக் கொண்டுள்ளது. அதற்கு முன் உருவான கோப்புகளைச் சோதித்தல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவி இணைந்த திருத்திகள் இன்று மிகுந்துள்ளன. அவை அடுத்து வரக்கூடிய வரியைத் தாமே ஊகித்து முன்வைக்கும். நிரல் எழுதுகையில் இது பயன்தரலாம். பனுவற்கோப்பில் இவ்வூகம் ஏற்கப்பட்டால், மூலத்தில் இல்லாத பாடம் மூலமாகவே நுழைந்துவிடும். மேலும், இவ்வுதவிகளுள் பல, திறந்துள்ள கோப்பின் பகுதியை வெளிக் கணினிக்கு அனுப்பியே விடையைப் பெறுகின்றன. அச்சேறாச் சுவடியின் படியைத் தட்டச்சிடும் ஆய்வாளர் இவ்வசதியை நிறுத்தி வைத்தலே முறையாகும்.

5. மூன்றாம் அளவை: தேடலின் பொருள்

குறிப்பிட்ட அமைப்புடைய சொற்களைத் தேடுவதற்குச் சுருங்குறித்தொடர் பயன்படுகிறது. இதில் சொல்லில் இடம்பெறும் எழுத்துகள் அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் வகைக்குறி ஒன்றுண்டு. சாய்கோட்டினை அடுத்து ஆங்கில டபிள்யூ எழுத்தை இட்டு அதனை எழுதுவர். சொற்களைப் பிரித்தெண்ணப் பெரும்பாலான கையேடுகள் காட்டும் வழி இதுவே. தமிழுக்கு இஃது எவ்வாறு செயற்படுகிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடுகிறது.

பைத்தானோடு வரும் சுருங்குறித்தொடர் நூலகம், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே ‘தமிழ்’ என்னும் ஒரு சொல் ‘தம’, ‘ழ’ என இரண்டாக உடைகிறது. ‘கொன்றை’ என்பது ‘க’, ‘ன’, ‘ற’ என மூன்றாகிறது. இவ்வாறு பெறப்பட்ட சொல்லெண்ணிக்கை உண்மையினும் பன்மடங்கு மிகும். சொல்வகைகளின் எண்ணிக்கையும் பொருளற்றதாகும். விம் திருத்தியில் இதே வகைக்குறி இலத்தீன் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சுட்டும்.

விஷுவல் ஸ்டுடியோ கோட்டின் நிலை தனியே கருதத்தக்கது. திறந்துள்ள ஒரு கோப்பினுள் தேடும்போது அது ஜாவாஸ்கிரிப்டின் சுருங்குறித்தொடர் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதில் இவ்வகைக்குறி தமிழெழுத்து ஒன்றையும் சுட்டாது. கோப்புறை முழுவதிலும் தேடும்போது ரிப்கிரெப் என்னும் வேறொரு கருவி செயற்படுகிறது. அது ஒருங்குறி வரையறையைத் தழுவுவதால் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கிய முழுத் தமிழ்ச்சொல்லையும் பிடிக்கும். ஒரே மென்பொருளில் ஒரே தேடற்றொடர் இரு பெட்டிகளில் இருவேறு விடை தருகிறது. எந்தப் பெட்டியில் தேடினார் என்பதைக் குறிப்பிடாத ஆய்வாளரின் எண்ணிக்கையைப் பிறர் சரிபார்க்க இயலாது என்பது இதனால் புலனாகிறது.

இதற்குத் தீர்வு, வகைக்குறியைத் தவிர்த்துத் தமிழ்க் குறிகளின் எல்லையை வெளிப்படையாகச் சுட்டுவதாகும். ஓர் இலக்கண எழுத்தைப் பின்வருமாறு குறிக்கலாம்:

[ஃ-ஔ]|[க-ஹ][ா-்ௗ]*

ஆய்தமும் உயிரும் தனித்தும், அகர உயிர்மெய் தனித்தோ உயிர்க்குறி அல்லது புள்ளி சேர்ந்தோ வருதலை இது பிடிக்கும். மேற்கூறிய கருவிகளுள் பைத்தான், ஜாவாஸ்கிரிப்டு இயந்திரம், ரிப்கிரெப் ஆகிய மூன்றும் இதனை ஒரே பொருளில் கொள்ளும். ‘தமிழ்’ என்பதற்கு மூன்று என்னும் விடை கிடைக்கும். அடியின் முதற்சீர்களில் இரண்டாம் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து எதுகை காண்பதற்கும் இதனை அடிப்படையாகக் கொள்ளலாம். திருத்தியில் தட்டச்சிடும்போது தனித்து நிற்கும் உயிர்க்குறிகள் புள்ளிவட்டத்தோடு தோன்றுவது இயல்பு, அது பிழையன்று.

மேலும், தேடல் வசதிகள் பொதுவாக இயல்பாக்கம் செய்து ஒப்பிடுவதில்லை. தனிக்குறியால் அமைந்த ‘கொ’ என்பதைத் தேடினால், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் ‘கொ’ அகப்படாது. எனவே ஆய்வைத் தொடங்குமுன் தொகுப்பு முழுவதையும் ஒரே இயல்பாக்க வடிவிற்குக் கொணர்ந்துவிடுதல் வேண்டும். இதனைப் பைத்தானில் ஒற்றை வரி நிரலால் செய்யலாம்.

திருத்திகளில் உள்ள வரிசைப்படுத்தும் வசதியையும் சொல்லடைவுக்கு நம்பலாகாது. குறியெண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வரும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் நிற்கும். புள்ளிக்குறி உயிர்க்குறிகளுக்குப் பின் வருவதால் மெய்யெழுத்து ஔகார உயிர்மெய்க்கும் பின்னே தள்ளப்படும். தமிழ் அகரவரிசை விதியைத் தனியே தரும் நூலகத்தின் துணையால் நிரல்வழி வரிசைப்படுத்துவதே தக்கது.

6. வடிவமும் உள்ளீடும்

நிரல்திருத்திகள் ஒரே அகலமுடைய எழுத்துகளைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. முனையத்தில் இயங்கும் திருத்திகள் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து, எழுத்துகளை அவற்றில் நிரப்பும். தமிழெழுத்துகளோ அகலத்தால் பெரிதும் வேறுபடுபவை. ‘ர’ ஒரு கட்டத்தில் அடங்கும், ‘ணௌ’ அடங்காது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் சேமிப்பில் மெய்க்குப் பின்னும் வடிவில் மெய்க்கு முன்னும் நிற்பவை. எழுத்துருவாக்கத்தை முறையாகச் செய்யாத முனையங்களில் இவை இடம்மாறியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் தோன்றும். ஆதலின் தமிழ்ப் பனுவலைத் தொடர்ந்து படித்துத் திருத்தும் பணிக்கு முனையச் சாளரம் ஏற்றதன்று.

உள்ளீட்டைப் பொறுத்தவரை, விம் தன் கட்டளைகளை ஆங்கில எழுத்து விசைகளிலேயே வைத்துள்ளது. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகையை இயக்கிய நிலையில் அக்கட்டளைகள் செயற்படா. விசைப்பலகையை மாற்றி மாற்றி இயக்க நேரும். விம்மின் உள்ளமைந்த விசைவரைபட வசதி இதனை ஓரளவு தீர்க்கும். இமாக்ஸ் தன்னுள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகளைக் கொண்டிருப்பதால், கட்டளைகளுக்கு இடையூறின்றித் தமிழில் எழுத இயலும்.

எழுத்தை அழிக்கும் முறையும் ஒருபடித்தன்று. சில திருத்திகளில் பின்னழிப்பு விசை உயிர்க்குறியை மட்டும் நீக்கும்; விம்மின் இயல்பான அமைப்பில் எழுத்து முழுவதும் நீங்கும். இரண்டிற்கும் பயன் உண்டு. தம் திருத்தி எவ்வாறு அழிக்கிறது என்பதை ஆய்வாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

7. பணிவகைக்கேற்ற தெரிவு

மேற்கண்ட அளவைகளால் திருத்திகளைப் பின்வருமாறு மதிப்பிடலாம்.

1985இல் வெளிவந்த குனூ இமாக்ஸ், கட்டற்ற மென்பொருள். 2020இல் வெளியான 27ஆம் பதிப்பு முதல் ஹார்ஃபபஸ் என்னும் எழுத்துருவாக்க நூலகத்தைப் பயன்படுத்துவதால் சாளர நிலையில் தமிழைச் செவ்வனே காட்டும். இயல்பாக்கக் கட்டளைகளும் அதில் உள்ளன. மேற்கூறிய மூன்று அளவைகளுக்கும் மிக நெருங்கி நிற்பது இதுவே. ஆனால் கற்கும் காலம் மிகுதி.

1991இல் வெளிவந்த விம், குறியெண்களைக் காண்பதற்கும், தொலைவிலுள்ள வழங்கியில் பெருங்கோப்புகளைத் திருத்துவதற்கும் ஏற்றது. தமிழைத் தொடர்ந்து படிப்பதற்கு ஏற்றதன்று.

2003இல் வெளிவந்த நோட்பேட்++ விண்டோஸில் மட்டும் இயங்குவது. எளிமையும், குறியேற்றங்களைத் தெளிவாகக் காட்டும் பட்டியலும் இதன் சிறப்பு. பழைய கோப்புகளைத் திறந்து சோதிப்பதற்குத் தொடக்கநிலை ஆய்வாளர்க்கு இது போதுமானது.

2015இல் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கோட், பனுவலையும் நிரலையும் ஓரிடத்தில் கையாள விரும்புவோர்க்கு ஏற்றது. மாற்றங்களைப் பதியும் கிட் முறைமையோடு இணைந்திருப்பதால், இரு பாடங்களை அருகருகே வைத்து வேறுபாடு காண்பது எளிது. பயன்பாட்டுத் தகவல் சேகரிப்பை விரும்பாதோர் அதே மூலநிரலிலிருந்து உருவாக்கப்படும் விஎஸ்கோடியத்தை நாடலாம். தேடற்பெட்டிகள் இரண்டின் வேறுபாட்டை மனங்கொண்டு இதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

ஜுபிட்டர் ஏடு, நிரலும் விளக்கமும் விடையும் ஒருங்கே அமைவதால் ஆய்வை விளக்கிக் காட்டுவதற்குச் சிறந்தது. எனினும் அதன் கட்டங்களை வரிசை மாற்றி இயக்க முடியும் என்பதால், திரையில் காணும் விடை மேலிருந்து கீழாக இயக்கினால் கிடைக்கும் விடையே என்னும் உறுதியில்லை. இறுதி எண்ணிக்கையைப் பதியுமுன் ஏடு முழுவதையும் புதிதாக ஒருமுறை இயக்கிப் பார்த்தல் வேண்டும்.

செம்பதிப்புப் பணிக்குத் தேவை வேறு. பாடவேறுபாடு, சிதைவு, ஊகப்பாடம் முதலியவற்றைக் குறியிட்டுப் பதிவதற்கு டெஇஐ என்னும் எக்ஸ்எம்எல் நெறிமுறை உலகளவில் வழங்குகிறது. 2019இல் தொடங்கிய தர்மா என்னும் ஐரோப்பிய ஆய்வுத்திட்டம், தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளிட்டவற்றை இம்முறையில் பதிப்பித்துள்ளது. இப்பணிக்கு, குறியமைப்பு நெறிக்குட்பட்டதா என உடனுக்குடன் சோதிக்கும் ஆக்சிஜன் போன்ற சிறப்புத் திருத்தி உதவும். அது விலை கொடுத்துப் பெற வேண்டியது.

8. ஆய்வேட்டில் பதிய வேண்டியவை

உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரைகளில், கிடைத்த சுவடிகள் எவை, யாரிடமிருந்து பெற்றவை, எந்நிலையில் இருந்தவை என்பனவற்றைப் பதிந்தார். பாடத்தைப் பிறர் மதிப்பிடுவதற்கு அப்பதிவே அடிப்படையாயிற்று. கணினிவழி ஆய்வுக்கும் இத்தகைய பதிவு வேண்டும். மின்பனுவலின் மூலமும் எடுக்கப்பட்ட நாளும், மூலக் குறியேற்றமும் மாற்றிய கருவியும், இயல்பாக்க வடிவம், நீக்கப்பட்ட புலப்படாக் குறிகள், தேடற்றொடரும் அது இயக்கப்பட்ட கருவியின் பெயரும் பதிப்பெண்ணும், எழுத்து எனவும் சொல் எனவும் கொள்ளப்பட்டவற்றின் வரையறை ஆகிய ஆறும் ஆய்வேட்டின் அணுகுமுறைப் பகுதியில் இடம்பெறுதல் நன்று. மூலக்கோப்பைத் திருத்தாமல் தனியே காத்து, நகலில் மட்டும் பணிசெய்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் வழியாகப் பதிந்து வந்தால் இவ்விவரங்கள் தாமே சேர்ந்துவிடும்.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. தமிழ்ப் பனுவலாய்வில் நிரல்திருத்தி, பாடத்தின் நம்பகத்தைப் பாதிக்கும் கருவியாகும். ஆகவே அதன் தெரிவு ஆய்வு அணுகுமுறையின் பாற்பட்டது.

2. உள்ளதைக் காட்டல், அறியாமல் மாற்றாதிருத்தல், தேடலின் பொருள்தெளிவு ஆகிய மூன்றும் முதன்மை அளவைகள். விரைவும் தோற்றமும் அவற்றிற்குப் பிற்பட்டவை.

3. மூன்று அளவைகளையும் தானாகவே முழுமையாக நிறைவு செய்யும் திருத்தி, இங்கு ஒப்பிடப்பட்டவற்றுள் இல்லை. இயல்பாக்கமும் வெளிப்படையான எழுத்து வரையறையும் ஆய்வாளரால் செய்யப்பட வேண்டியவை.

4. தொடக்கநிலை ஆய்வாளர்க்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் அல்லது விஎஸ்கோடியம் போதுமானது. குறிநிலையில் நுணுகிப் பணிசெய்வோர்க்கு இமாக்ஸும், செம்பதிப்புப் பணிக்கு எக்ஸ்எம்எல் திருத்தியும் பொருந்தும்.

5. எக்கருவியைத் தெரிவுசெய்யினும், ‘தமிழ்’, ‘கொன்றை’ ஆகிய இரு சொற்களைக் கொண்டு எழுத்தெண்ணிக்கை, சொற்பிரிப்பு, இரு குறித்தொடர்களின் தேடல் ஆகிய மூன்றையும் முதலில் சோதித்த பின்னரே முழுத் தொகுப்பையும் அதில் இடுதல் வேண்டும்.

தமிழ்த்துறைகளின் முனைவர் பட்டப் படிப்புமுன் பயிற்சியில் சுவடியியலோடு இச்சோதனைகளும் இடம்பெறுமாயின், எண்ணிக்கைகளைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகள் பிறரால் சரிபார்க்கத்தக்கனவாக அமையும்.